அதிர்வெண் மூலத்தின் கையில், வேகம் ஊடகத்தின் கையில்

வேலூர்க் கோட்டை அகழியில் காற்று அடங்கியிருக்கும் விடிகாலையில், கரையோரம் மிதக்கும் ஒரு சருகுக்கு நான்கைந்து அடி தள்ளி ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பாருங்கள். வளையம் விரிந்து வரும். சருகைத் தூக்கும், இறக்கும், தாண்டிப் போய்க் கரையில் மோதும். சருகு இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னும் கூர்ந்து பார்த்தால், முகடு வரும்போது அது ஒரு இழை முன்னே போவதும், அகடு வரும்போது அதே அளவு பின்னே வருவதும் தெரியும். மேலும் கீழுமான ஆட்டத்தோடு இதுவும் சேர்ந்து ஒரு சின்ன வட்டமாகிறது. மேற்பரப்புத் தண்ணீர் முழுக்க அப்படித்தான் வட்டம் போடுகிறது. கல் விழுந்த இடத்துத் தண்ணீர் கரைக்கு வரவேயில்லை. கல் கொடுத்த ஆற்றல் மட்டும் வந்து சேர்ந்தது.

கொடிக்கயிற்றை ஒரு முனையில் உதறினால் கயிறு அலை போகும் திசைக்குக் குறுக்கே ஆடும், அது குறுக்கலை. ஒலியில் காற்று, அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் நெருங்கி விலகும், அது நெட்டலை. தண்ணீரின் மேற்பரப்பில் இரண்டும் கலந்திருக்கின்றன. அதனால்தான் சருகு வட்டம் போடுகிறது. இந்த வகைப்பாட்டை மாணவர்கள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அதிர்வெண் என்பது நொடிக்கு எத்தனை ஆட்டம்; அலைநீளம் என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரம். பதினோராம் வகுப்பு அலைகள் பாடத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான சமன்பாடு இது. “அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் ஒலியின் வேகம் என்ன ஆகும்?” என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே “இரட்டிப்பாகும்” என்று எழுதிவிடுகிறார்கள். கணக்குப்படி அப்படித்தானே தெரிகிறது. ஆனால் சமன்பாட்டில் மூன்று பேருக்கும் ஒரே அந்தஸ்து கிடையாது. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அலையை உண்டாக்கும் மூலம்: இசைக்கவையோ, தொண்டையோ, ரயில் ஹாரனோ. வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம். இரண்டும் முடிவான பிறகு மிஞ்சுவதுதான் அலைநீளம். அதிர்வெண் இரட்டித்தால் அலைநீளம் பாதியாகும். வேகம் அப்படியே இருக்கும். அப்படி இல்லையென்றால் கச்சேரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மேல் ஸ்தாயி ஸ்வரம் முதலிலும் கீழ் ஸ்தாயி ஸ்வரம் பிறகும் வந்து சேரும். இந்த ஒரு பொறுப்புப் பிரிவினையைக் கையில் பிடித்துக்கொண்டால் பாடத்தின் மீதி முழுக்கத் தானாகத் திறக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

தண்ணீர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அங்கேயும் வேகம் ஊடகத்தின் கையில்தான். ஆனால் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தண்ணீர் ஒவ்வொரு வேகம் கொடுக்கிறது. ஆழமான தண்ணீரில் 1 மீட்டர் நீள அலை நொடிக்கு ஏறக்குறைய 1.25 மீட்டர் போகும். 10 செ.மீ. அலை 40 செ.மீ.தான் போகும். இன்னும் குட்டியான சிற்றலைகளில் புவியீர்ப்பை விடத் தண்ணீரின் பரப்பு இழுவிசை முக்கியமாகிவிடுவதால், வேகம் மறுபடி ஏறும். நடுவில், ஏறத்தாழ 1.7 செ.மீ. அலைநீளத்தில், வேகம் மிகக் குறைவு: நொடிக்கு 23 செ.மீ. ஆழமான தண்ணீரின் மேல் இதைவிட மெதுவாகப் போகும் அலை கிடையாது.

இதன் விளைவை அகழியிலேயே கண்ணால் பார்க்கலாம். சின்னக் கல்லை விட்டு, கைக்கு அடக்கமான ஒரு பெரிய கல்லைப் போடுங்கள். விரிந்து போகும் வளையங்களின் கூட்டத்தை மொத்தமாகப் பார்க்காமல், ஒரே ஒரு முகட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பின்தொடருங்கள். கூட்டத்தின் பின்பக்கம் அது முளைக்கும். நடுவே ஓடி முன்னுக்கு வரும். முன் விளிம்பை எட்டியதும் மெலிந்து காணாமல் போகும். பின்னால் புது முகடு முளைத்திருக்கும். முகடுகளின் வேகத்தில் பாதிதான் கூட்டத்தின் வேகம். ஆற்றல் போவது கூட்டத்தின் வேகத்தில். நாலைந்து முறை முயன்றால்தான் கண் பழகும். பழகிவிட்டால் பிறகு எந்த ஏரியைப் பார்த்தாலும் அது தெரியாமல் போகாது.

விறைப்பும் கனமும்

ஊடகம் எதை வைத்து வேகத்தை முடிவு செய்கிறது? இரண்டு குணங்களை வைத்து: குலைத்தால் எவ்வளவு பலமாகப் பழைய நிலைக்கு இழுக்கும் என்ற விறைப்பு, இழுக்கப்படும் பொருளின் கனம் என்ற அடர்த்தி. விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். “திண்மம் அடர்த்தியானது, அதனால் ஒலி அதில் வேகமாகப் போகிறது” என்று பல கைடுகளில் அச்சாகியிருக்கிறது. காரணம் தலைகீழ். அடர்த்தி வேகத்தைக் குறைக்கும். இரும்பில் ஒலி வேகமாகப் போவதற்குக் காரணம் அதன் விறைப்பு, அடர்த்தியின் இழப்பையும் தாண்டிப் பல மடங்கு அதிகமாக இருப்பதுதான். எஃகுக் கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர். ஈயம் எஃகைவிடக் கனமானது, ஆனால் மென்மையானது. ஈயக் கம்பியில் வேகம் சுமார் 1,200 மீட்டர்தான். அடர்த்திதான் காரணம் என்றால் ஈயம் முந்தியிருக்க வேண்டும்.

வடஆற்காட்டுப் பக்கம் கல் குவாரிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். வெடி வைத்ததும் முதலில் ஜன்னல் கண்ணாடியும் அலமாரிப் பாத்திரமும் லேசாக நடுங்கும். அதற்குப் பிறகுதான் ‘டம்’ என்று சத்தம் வரும். இரண்டும் ஒரே வெடிதான். கருங்கல்லில் அதிர்வு நொடிக்கு 5 கி.மீ. அளவில் ஓடிவருகிறது, காற்றில் ஒலி நொடிக்கு 350 மீட்டர். குவாரி 700 மீட்டர் தள்ளி இருந்தால், பாறை வழி வரும் அதிர்வு கிட்டத்தட்ட 0.14 நொடியில் வீட்டை எட்டும்; சத்தம் 2 நொடி கழித்து வரும். நடுக்கத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான நொடிகளை எண்ணி 350-ஆல் பெருக்கினால் குவாரியின் தூரம் தோராயமாகக் கிடைத்துவிடும்.

வேலூர் வெயிலும் 332-உம்

காற்றில் ஒலியின் வேகம் 332 என்று எங்கும் எழுதியிருக்கும். அது 0 டிகிரி செல்சியஸில். வேலூரில் அந்த வெப்பநிலையை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். ஆய்வகத்தில் 33 டிகிரி இருந்தால் சரியான விடை 351-ஐ ஒட்டி வர வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரி என்றால் 355. காற்றின் ஈரம் இன்னும் ஓரிரு மீட்டர் கூட்டும். காற்றழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது. அழுத்தம் கூடும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடி ஈடுகட்டிவிடுகிறது.

அதிரும் இசைக்கவையைக் குழாயின் வாயில் பிடித்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, குழாய்க் காற்று கவையோடு சேர்ந்து உரக்க ஒலிக்கும் நீளத்தைக் கண்டு ஒலியின் வேகத்தை அளப்பது ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனை. அதைச் செய்யும்போது இதை மறக்கிறோம். மாணவருக்கு 350 வருகிறது. புத்தகத்தில் 332 இருக்கிறது. ஏதோ தப்பு என்று பயந்து அளவீடுகளைத் திருத்தி 334 என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார். சரியாகச் செய்த சோதனை அந்த இடத்தில்தான் கெடுகிறது.

சோதனையை ஒருமுறை எண்களோடு நடத்திப் பார்ப்போம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, உள்விட்டம் 4 செ.மீ. உள்ள குழாய், அறை 33 டிகிரி. அதிர்வெண் கவையின் கையில்: 512. வேகம் காற்றின் கையில்: 351. ஆக அலைநீளம் 68.6 செ.மீ. குழாயின் அடியில் தண்ணீர்ப் பரப்பு; அங்கே காற்று முன்பின் நகர முடியாது, அதனால் கணு. மேலே திறந்த வாய். அங்கே காற்று தாராளமாக அசையும், அதனால் எதிர்க்கணு. கீழே போகும் அலையும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, இந்த இரண்டு நிபந்தனைக்கும் இணங்கி நின்றால்தான் குழாய் ‘ஹூம்’ என்று பாடும். கணுவுக்கும் எதிர்க்கணுவுக்கும் இடைவெளி கால் அலைநீளம், அது 17.1 செ.மீ.

ஆனால் ஸ்கேலில் முதல் ஒத்ததிர்வு 17.1-இல் வராது, 15.9-ஐ ஒட்டி வரும். எதிர்க்கணு குழாயின் விளிம்பிலேயே முடிவதில்லை. வாய்க்குக் கொஞ்சம் வெளியே, விட்டத்தின் 0.3 பங்கு அளவு மேலே இருக்கிறது. இதற்கு முடிவுத் திருத்தம் என்று பெயர். 4 செ.மீ. குழாய்க்கு அது 1.2 செ.மீ. இதைக் கணக்கில் எடுக்காமல் முதல் நீளத்தை மட்டும் வைத்து வேகம் கண்டால் 326 வரும். இரண்டாம் ஒத்ததிர்வையும் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். அது 50.2-இல் கிடைக்கும். இரண்டையும் கழித்தால் 34.3 செ.மீ., சரியாக அரை அலைநீளம். முடிவுத் திருத்தம் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. 2 × 512 × 0.343 = 351.

அளவீடு சரியா என்று கணக்குப் போடும் முன்பே பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டாம் நீளம் முதல் நீளத்தின் மூன்று மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். இங்கே 15.9-இன் மூன்று மடங்கு 47.7; கிடைத்தது 50.2, மிச்சம் 2.5-இல் பாதி, 1.25, அதுவே முடிவுத் திருத்தம். இரண்டாம் நீளம் மூன்று மடங்குக்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு ரீடிங் தப்பு. மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

தப்புவது பெரும்பாலும் எங்கே? கவையை மேசை விளிம்பில் அடிப்பதில் முதல் தவறு. கெட்டியான இடத்தில் அடித்தால் கிண்கிண் என்ற மேல்சுரம் கிளம்பி, காது அதைத் தொடர்ந்து ஓடிவிடும்; ரப்பர் கட்டையில்தான் தட்ட வேண்டும். அடுத்தது கவையைப் பிடிக்கும் விதம். அதிரும் கவையைக் காதருகே மெதுவாகச் சுழற்றினால், ஒரு சுற்றில் நான்கு இடத்தில் சத்தம் கிட்டத்தட்ட நின்றுவிடும். இரண்டு புயங்களின் அலைகளும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்தச் சாய்வில் குழாயின் மேல் பிடித்தால் ஒத்ததிர்வு இருந்தும் கேட்காது. புயத்தின் தட்டையான முகம் குழாய் வாயைப் பார்க்க, விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. மேலே, எதிலும் படாமல் பிடிக்க வேண்டும். தண்ணீரை ஒருமுறை இறக்கிக்கொண்டும் ஒருமுறை ஏற்றிக்கொண்டும் ரீடிங் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. இறக்கும்போது மட்டும் எடுத்தால் உச்சத்தைத் தாண்டிய பிறகே கை நிற்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வெப்பமானியைச் சுவரில் தொங்கவிடாமல் குழாயின் வாயருகே வைத்துப் பாருங்கள்.

மணியின் விம்மல், கூத்தின் சத்தம்

இரண்டு அலைகள் சந்தித்தால் மோதி உடைவதில்லை. அந்த இடத்தில் கூடிக்கொண்டு, கடந்த பிறகு அவரவர் வழியே போகின்றன. அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கும். இதுதான் விம்மல்; நொடிக்கு எத்தனை விம்மல் என்பது இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம். இதற்கு இரண்டு கவைகள் தேடிப்போக வேண்டியதில்லை. கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கடைசி வரை கேளுங்கள்: ‘ஓம்…ஓம்…ஓம்’ என்று அலையலையாக அடங்கும். வார்ப்பில் மணி முழு வட்டச் சீராக இருப்பதில்லை. ஒரு பக்கம் துளி தடிப்பு, ஒரு பக்கம் துளி மெலிவு. அதனால் ஒரே அதிர்வு இரண்டாகப் பிரிந்து, ஒன்று 420 என்றால் மற்றது 422 என்று அருகருகே நிற்கும். நொடிக்கு இரண்டு விம்மல். அடிக்கும் இடத்தை வளையத்தில் சற்று நகர்த்தினால் இரண்டில் ஒன்று மட்டும் கிளம்பி, விம்மல் குறைந்துவிடுவதும் உண்டு.

தூரத்துச் சத்தத்துக்கு வருவோம். ஆரணி, செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பகலில் பக்கத்து ஊரைத் தாண்டாத சத்தம், பின்னிரவில் இரண்டு மூன்று ஊர் தள்ளி வாசல் திண்ணையில் படுத்திருப்பவர் காதில் விழும். ஊர் அடங்கிவிட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெப்பநிலை. பகலில் தரை கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலிக்கு வேகம் அதிகம் என்பதால் அலைமுகப்பின் கீழ்ப்பகுதி முந்திக்கொள்ளும். அலை மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். தெளிந்த வானமுள்ள இரவில் தரை முதலில் குளிரும். இப்போது மேல்காற்று சூடு, கீழ்க்காற்று குளிர்ச்சி. அலைமுகப்பின் மேல்பகுதி முந்தும். அலை கீழே வளைந்து ஊருக்கு மேல் இறங்கும். மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் வேகத்தில் அரை சதவீதம்தான்; ஆனால் ஒன்றிரண்டு கி.மீ. தூரத்தில் அந்த அரை சதவீதம் போதும். இத்தனை வளைவிலும் சுருதி மாறுவதில்லை. அது பாடுகிறவரின் தொண்டையிலேயே முடிவாகிவிட்டது.

அப்படி வரும் சத்தத்தில் மத்தளம் இருக்கும், தாளத்தின் ‘சிங்’ இருக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.5 மீட்டர், வீட்டுச் சுவர், வைக்கோல்போர், புளியமரம் எல்லாம் அந்த அளவுதான் என்பதால் அது வளைந்து சுற்றி வந்துவிடும். 5,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 செ.மீ.; சுவருக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். போதாததற்கு, காற்றும் மேல் அதிர்வெண்களைத்தான் அதிகம் உறிஞ்சும். தடையின் அளவும் அலைநீளமும் ஒப்பிடத்தக்கதாக இருந்தால் அலை வளையும். தடை பல மடங்கு பெரிதானால் நிழல். விளிம்பு விளைவு என்ற பாடத்தின் சாரம் இதுதான்.

தண்டவாளத்தின் ஓரம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்குப் பதினொரு ஆண்டு முன்பு, 1845-இல், ஹாலந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி ஓடும் ரயிலில் டிரம்பெட் வாசிப்பவர்களை ஏற்றி, சுருதி ஞானம் உள்ளவர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிற்கவைத்து, மூலம் நகர்ந்தால் கேட்கும் சுருதி மாறும் என்று விஞ்ஞானி டாப்ளர் 1842-இல் சொன்னதைச் சோதித்துப் பார்த்தார். இன்றைக்குக் காட்பாடிக்கு அடுத்த லத்தேரி போன்ற, எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் ஓடும் ஸ்டேஷன் ஒன்றின் நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றாலே போதும்.

ரயில் மணிக்கு 108 கி.மீ., அதாவது நொடிக்கு 30 மீட்டர். ஹாரன் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் வேகம் 350. நிற்கும் ரயிலின் அலைநீளம் 87.5 செ.மீ. ஓடும் ரயில் தான் அனுப்பிய முகட்டின் பின்னாலேயே ஓடிவந்து அடுத்த முகட்டை விடுகிறது. முன்பக்கம் அலைநீளம் 80 செ.மீ. ஆகச் சுருங்குகிறது, பின்பக்கம் 95 ஆக நீள்கிறது. ஒலியின் வேகம் 350-இல் துளி மாறுவதில்லை. ரயில் தள்ளிவிடுவதால் ஒலி வேகமாக வரும் என்று நினைப்பது தவறு. வரும்போது நாம் கேட்பது 350 ÷ 0.80, ஏறத்தாழ 437. போகும்போது 368. இரண்டுக்கும் நடுவே மூன்று அரைச்சுரம்: சாதாரண காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு ஒரே வழுக்கு.

ரயில் நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்று பலர் எழுதுவார்கள். ஏறுவது சத்தத்தின் அளவுதான். சுருதி தூரத்திலிருந்தே உயர்ந்த நிலையில் நின்று, ரயில் நம்மைத் தாண்டும் அந்தச் சில கணத்தில் சரியும். தண்டவாளத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோமோ அவ்வளவு சடக்கென்று சரியும். ரயில் நிற்க, நாம் அதே வேகத்தில் அதை நோக்கிப் போனால் கணக்கு வேறு: அலைநீளம் மாறாது, முகடுகளை நாம் அடிக்கடி சந்திக்கிறோம், கேட்பது 434. மூலம் நகர்வதும் கேட்பவர் நகர்வதும் ஒலியில் ஒன்றல்ல, ஏனென்றால் நடுவே காற்று இருக்கிறது.

ஒளிக்கு அந்த நடு ஆள் வேண்டாம். வெற்றிடத்திலும் நொடிக்கு 2,99,792 கி.மீ. போகும். கண்ணாடிக்குள் நுழைந்தால் வேகமும் அலைநீளமும் சுமார் மூன்றில் இரண்டு பங்காகும், அதிர்வெண் மாறாது. வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில், முன்பு வடஆற்காடாக இருந்து இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் விட்டத்துக்கு, பச்சை ஒளியில் விளிம்பு விளைவு அனுமதிக்கும் கூர்மை 0.06 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரிக் கோணத்தில் 3,600-இல் ஒரு பங்கு). தரைக்கு மேலுள்ள காற்றின் சூடும் குளிரும் கலங்கி, கூத்துச் சத்தத்தை வளைத்தது போலவே நட்சத்திர ஒளியின் அலைமுகப்பையும் கசக்கிவிடுவதால், நடைமுறையில் படம் விகலைக் கணக்கில் பரவிவிடும்.

டாப்ளர் அங்கேயும் வேலை செய்கிறது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் இருக்க வேண்டும். நட்சத்திரம் நொடிக்கு 30 கி.மீ. விலகிப் போனால் அது 0.066 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளும். லத்தேரியில் 30 மீட்டருக்கு மூன்று அரைச்சுரம் விழுந்தது. இங்கே 30 கி.மீ.க்கு இவ்வளவுதான், ஒளியின் வேகம் அத்தனை பெரிது. சூரியனைச் சுற்றும் பூமியின் வேகமும் அதே 30 கி.மீ. என்பதால், பூமியின் சுற்றுத்தளத்தை ஒட்டி இருக்கும் ஒரே நட்சத்திரத்தை ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் அளந்தால், அது அசையாமலே இருந்தாலும் கோடு இரண்டு இடத்தில் தெரியக்கூடும். ஆகவே எந்த நட்சத்திரத்தின் வேகத்தையும் எழுதும் முன், அன்றைக்குப் பூமி எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதைக் கண்டு அதை முதலில் கழிக்கிறார்கள்.